பேரிலி

பவானி ஆற்றங்கரை மடத்தில் குருவம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் தனுஷ்கோடிக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் உலகம் சுற்றிவிட்டு வந்தவர். கூட வேலை பார்த்த எல்லாரிடமும் அவர்கள் பிள்ளைகளின் பெயர் கேட்பார், அர்த்தம் கேட்பார். கேட்டது எதுவும் மறக்காது. பெயரின் அர்த்தம் பிள்ளையிடம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. அம்மை அவரை மாலுமியாரே என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு காலையில் நாச்சிமுத்து என்கிற டெம்போ டிரைவர் மனைவி பூவாத்தாளோடு வந்தான். அவள் மடியில் ஐம்பது நாள் பெண் குழந்தை. பால் குடித்துக்கொண்டிருந்தது. பூவாத்தாள் குழந்தையைப் பார்க்கவில்லை. முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"பேரு வெக்க விட மாட்டேங்கறா தாயே. வாய் விட்டுக் கூப்புடறதும் இல்லீங்க. பசிச்சு அழுதா எடுத்துப் பால் குடுப்பா, தொட்டில்ல போட்டுருவா. மொகத்தப் பாக்க மாட்டா" என்றான் நாச்சிமுத்து.

அம்மை தனுஷ்கோடியைப் பார்த்தார். "உங்களிடம் பெயர் இருக்கிறதே, மாலுமியாரே."

தனுஷ்கோடி உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "குழந்தை எங்கே பிறந்தது?"

"ஆஸ்பத்திரி போற வழியில, என்ற வண்டியிலயே பொறந்துருச்சுங்க."

"நைஜீரியாவில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு. அபியோனா. வழியில் பிறந்தவள்."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. பூவாத்தாள் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வழியில வந்தவ வழியிலயே போயிருவாளுங்க."

தனுஷ்கோடி சற்று யோசித்தார். "பின்லாந்தில் லூமி என்று வைப்பார்கள். வெண்பனி என்று அர்த்தம். பூ மாதிரி இறங்கும்."

"வெயில் வந்தா நிக்குமுங்களா?"

தனுஷ்கோடி விடவில்லை. தன்னிடம் இருந்ததில் ஆகச் சிறந்ததை எடுத்தார்.

"சரி. ஜப்பானில் சியோ என்று ஒரு பெயர். ஆயிரம் தலைமுறை என்று அர்த்தம். இதைவிட நல்ல வாழ்த்து எந்த ஊரிலும் நான் கேட்டதில்லை."

பூவாத்தாள் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"மூத்தவனுக்குச் சிரஞ்சீவின்னு வெச்சோமுங்க, சாமி. ரெண்டு மாசம் இருந்தான். அடுத்தவளுக்கு நித்யா. இருவத்தாறு நாளு."

தனுஷ்கோடி தலை குனிந்துகொண்டார்.

அம்மை அவரிடம் கேட்டார். "ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே."

"எதை, அம்மா?"

"எஞ்சின் அறையில் உங்களோடு வேலை பார்த்தாரே, மங்கோலியாக்காரர்."

"அது ஒரு பெயரே இல்லையே. அதனால்தான் சொல்லவில்லை."

"சொல்லுங்கள்."

தனுஷ்கோடி தயக்கத்தோடு ஆரம்பித்தார். "அவர் பெயர் நெர்குய். அவர்கள் பாஷையில் பெயர் இல்லை என்று அர்த்தம். அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. கெட்டது ஏதாவது பெயர் கேட்டுத் தேடி வந்தால் ஏமாந்து திரும்பிப் போகட்டும் என்று அவர் அம்மா அப்படி வைத்தாராம். என்னோடு வேலை பார்த்தபோது அவருக்கு அறுபது வயது. பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்."

பூவாத்தாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அந்தம்மா அவரக் கூப்புடுவாங்களா?"

"என்ன கேட்கிறாய் அம்மா?"

"பேரு வெச்சாங்க, சரி. வாய் விட்டுக் கூப்புடுவாங்களா? இல்ல, என்னயாட்டம் பயந்துட்டுச் சும்மா இருப்பாங்களா?"

தனுஷ்கோடி யோசித்துப் பார்த்தார். "கூப்பிடுவார். அவரே சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போவாராம். பொழுது சாயும்போது அம்மா மேட்டில் ஏறி நின்று நெர்குய், நெர்குய் என்று கத்துவாராம். காற்று பலமாக அடித்தாலும் அந்தக் குரல் தனக்குக் கேட்டுவிடும் என்றார்."

பூவாத்தாள் மெதுவாகக் குனிந்தாள். ஐம்பது நாளாகப் பார்க்காத முகத்தைப் பார்த்தாள்.

"ஏ, பேரில்லாதவளே" என்றாள்.

குரல் உடைந்து பாதிதான் வந்தது. குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை உயர்த்தியது. நாச்சிமுத்து எழுந்து போய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. மழைக்காலம் போய், கோடை போய், அடுத்த மழையும் முடிந்தது. தனுஷ்கோடி இரண்டொரு முறை விசாரிக்க நினைத்தார். கேட்கப் பயந்து விட்டுவிட்டார்.

தை மாதத்தில் ஒரு நாள் மடத்து வாசலில் டெம்போ வந்து நின்றது. பூவாத்தாள் இறங்குவதற்கு முன்பே, நாச்சிமுத்து இறக்கிவிட்ட சின்னப் பெண் தத்தித் தத்திப் படித்துறையை நோக்கி ஓடியது.

"பேரிலி! அடியே பேரிலி! தண்ணிகிட்டப் போவாத!"

அக்கரை வரைக்கும் கேட்கிற குரல். மடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேரில்லாதவளேன்னு கூப்புட்டுக் கூப்புட்டுப் பேரிலின்னு ஆயிருச்சுங்க" என்றான் நாச்சிமுத்து.

தனுஷ்கோடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனிமேல் பயமில்லையே அம்மா. அர்த்தமுள்ளதாக ஒரு பெயர் வைத்துவிடலாமா?"

பூவாத்தாள் சிரித்தாள். "எத வெச்சாலும் இவ திரும்ப மாட்டாளுங்க, சாமி."

அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். தனுஷ்கோடி அம்மையிடம் வந்தார்.

"பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். கட்டிக்கொடுக்கிற இடத்தில் கேட்பார்கள். பெயர் இல்லை என்பதா ஒரு பெயருக்கு அர்த்தம்?"

"அது மங்கோலியாவில்" என்றார் அம்மை.

"இங்கே?"

"கூப்பிட்டால் வருகிறவள்."