பிள்ளை தலைமேல் ஒரு சத்தியம்

"என் பிள்ளை என்கூட வரமாட்டேங்கா, சாமி."

கொம்பையா நின்றபடியே சொன்னான். உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆளா அவன்? கல்மண்டபத்துத் தூண் ஒன்றைச் சுற்றி வந்தான். அடுத்த தூணைத் தொட்டான். மறுபடி முதல் தூணுக்கே வந்தான்.

கஞ்சிச்சாமி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த மண்டபம். வருகிறவன் குடித்திருந்தாலும் கஞ்சி உண்டு, குடிக்காதிருந்தாலும் கஞ்சி உண்டு. அதனால் வந்த பேர். சாமிக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். கொம்பையாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் சாமி சாமிதான், அண்ணாச்சி அண்ணாச்சிதான்.

"கஞ்சி குடிச்சீரா, அண்ணாச்சி?"

"கஞ்சி கெடக்கட்டும் சாமி. நாளைக்குக் கமிட்டி."

விஷயம் இதுதான். கொம்பையா வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிறவன். தோள் வலிக்காகக் குடிக்க ஆரம்பித்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் தோள் வலிக்காத நாளிலும் குடித்தான். ஒருநாள் மகள் சொர்ணம் பூட்டிய வீட்டுக்குள்ளே கிடந்தாள். சாவி அப்பன் மடியில். அப்பன் பிராந்திக்கடைக்குப் பின்னால். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளையைக் காணோமே என்று தேடி வந்ததில் ஊர் கூடிவிட்டது. குழந்தைகள் நலக் கமிட்டிக்காரர்கள் வந்து சொர்ணத்தை இல்லத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

அதன்பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டான். கை நடுங்க நடுங்க மண்டிக்குப் போனான். கமிட்டியும் மனமிரங்கி, பிள்ளை சம்மதித்தால் அனுப்பிப் பார்க்கலாம் என்றது.

மாட்டேன் என்றது பிள்ளைதான்.

"இல்லத்துல என்னமோ சொல்லிக் கெடுத்துட்டாவ சாமி. போனவாட்டி நான் கிட்டப் போறேன், அவ தள்ளித் தள்ளிப் போறா. பெத்த அப்பன் நான், பூச்சாண்டியா?"

"கிட்டப் போயி என்ன செஞ்சீரு?"

"என்ன செய்வேன்? தலையில கைய வச்சு, இனிமே தொடமாட்டேன், உன்மேல சத்தியம்னு சொன்னேன். எப்பவும் செய்யுததுதான்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். பெத்த பிள்ளை தலைக்கு மேல நமக்கு வேற என்ன இருக்கு?"

சாமி கஞ்சியைத் துழாவினார்.

கொம்பையா வேட்டி மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்துக் காட்டினான். கட்டிச் சூடம்.

"நாளைக்கு வெறும் சத்தியம் இல்ல சாமி. கமிட்டி முன்னாடி சூடத்தைக் கொளுத்தி, பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணப் போறேன். அதுக்கு மிஞ்சின சத்தியம் ஒலகத்துல கெடையாது. நீங்களும் வாங்க. சாமியார் ஒருத்தர் பக்கத்துல நின்னா எடுப்பா இருக்கும்."

"மேளம் வேண்டாமா?"

கொம்பையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. படியிறங்கி ஆற்றில் முகத்தைக் கழுவினான். ஏறி வந்தான். ஈரம் காயுமுன்னே மறுபடி இறங்கிப் போய்க் காலைக் கழுவினான்.

அவன் திரும்பி வந்ததும் சாமி கேட்டார்.

"நீரு குடிச்சிட்டு வீட்டுக்கு வந்தா, பிள்ளை என்ன செய்யும்?"

"அழாது சாமி. சத்தமே காட்டாது. சோத்தை மூடி வைக்கும். என் பைக்குள்ள தீப்பெட்டி இருந்தா எடுத்து ஒளிச்சு வைக்கும், பாயில தீ வச்சுக்கிடுவேன்னு. விவரமான பிள்ளை." சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு பெருமை. "ஒரே ஒரு கிறுக்குத்தனம் உண்டு. வீட்டுல ஒரு முருகன் படம் இருக்கு. அதைச் சுவத்தைப் பாத்துத் திருப்பி வச்சிரும். காலையில மொத வேலையா நேரா வச்சிரும். ஏட்டி, முருகன் என்ன தப்பு செஞ்சான்னு கேட்டா பதிலே வராது."

அகப்பை நின்றது.

"எப்பலேர்ந்து அப்படிச் செய்யுது?"

"அவளுக்கு அம்மை போட்டு எந்திரிச்ச பெறவு. நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கு முந்தித்தான் கோயில்ல வச்சு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். பண்ணின மறுநாளே கடைக்குப் போயிட்டேன். அவளுக்கு அம்மை கண்டுட்டு. பக்கத்து வீட்டுக்காரி வந்து என்னை வஞ்சா பாருங்க. 'பாவி, நீ பிள்ளை தலையில அடிச்சுட்டுக் குடிச்சே, அது அவ மேல எறங்கிருக்கு'ன்னு."

"பிள்ளை எங்க இருந்தா அப்போ?"

"அங்கனதான். வேப்பிலையில படுத்திருந்தா. தூங்கிட்டுத்தான் இருந்தா."

"தூங்கிட்டா இருந்தா?"

கொம்பையா அடுத்த தூணுக்குப் போனான்.

"அண்ணாச்சி, அந்தச் சூடத்தைக் கொண்டாரும்."

சாமி சூடத்தைக் கல் மேலே வைத்துக் கொளுத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அடியும்."

"எதை?"

"இந்தத் தலையில அடிச்சுச் சொல்லும். இனிமே சொட்டுக் குடிக்கமாட்டேன்னு."

"உங்க தலையிலயா?"

"பிள்ளை தலையைவிடப் பெருசுதான். கை நல்லாப் படியும்."

கொம்பையா சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. அவன் கை மேலே எழும்பியது. தார் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. சாமி தலைக்கு ஒரு சாண் உயரத்தில் அது நின்றது.

"வெரசாச் சொல்லும். சூடம் காத்துக்கெடக்காது."

"சாமி, நாளப்பின்ன ஒருநாள் தவறிட்டேன்னா..."

"தவறினா?"

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா, நான் அப்புறம்..."

சூடம் சிறுத்தது. நீலமாக ஒரு தரம் ஆடி அணைந்தது. கல்லில் கறுப்பாக ஒரு பொட்டு. கை மட்டும் அந்தரத்திலேயே இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியாமல்.

கொம்பையா உட்கார்ந்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தான்.

"சுவத்தைப் பாத்து வச்சிட்டா நான் குடிச்சது முருகனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்கா, சாமி."

சாமி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கஞ்சியை இறக்கினார்.

கொம்பையா கேட்டான்: "சத்தியமும் பண்ணக்கூடாதுன்னா, என்னத்தைச் சொல்லி அவளைக் கூப்பிட?"

"நீரு குடிச்சிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கீரா?"

"வந்திருக்கேன். இந்தத் தூண் பூராவும் வாந்தி எடுத்திருக்கேன்."

"தெரியும். கழுவினவன் நான்தான். நான் உம்மகிட்ட என்ன சத்தியம் வாங்கினேன்?"

"ஒண்ணும் வாங்கலியே."

"பிறகு எதுக்கு வே திரும்பத் திரும்ப வந்தீரு?"

சாமி கஞ்சியைச் சட்டியில் ஊற்றி அவன் முன்னால் நகர்த்தினார். இந்தத் தரம் அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.

"நாளைக்கு வாரீங்களா சாமி?"

"வாரேன். எடுப்பா இருக்கதுக்கு இல்ல. கமிட்டி ஆபீஸுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவுல கடை இருக்கு. திரும்பி வரும்போது உமக்குப் பேச்சுத்துணை வேணும்லா."

மறுநாள் கமிட்டியில் நல்ல கூட்டம். சாமி வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். கொம்பையாவின் தங்கை ஆவுடையும் வந்திருந்தாள். அவன் வீட்டுக்கு எதிர்வீடு அவளுக்கு. பெயர் கூப்பிடுகிறவரைக்கும் கொம்பையா அந்த வராந்தாவை அளந்துகொண்டே இருந்தான்.

"அண்ணே, தரையில குழி விழுந்திரும். கொஞ்சம் நில்லு," என்றாள் ஆவுடை.

உள்ளே மேசைக்குப் பின்னால் தலைவியம்மா. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஐயா. இல்லத்து வார்டனின் சேலையைப் பிடித்துக்கொண்டு சொர்ணம்.

அப்பனைப் பார்த்ததும் அவள் செய்தது என்ன தெரியுமா? தோளை உயர்த்தித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள், மழைக்குள் ஓடப்போகிற பிள்ளை மாதிரி. எத்தனையோ தரம் செய்திருக்கிறாள். கொம்பையா கண்ணில் அன்றைக்குத்தான் பட்டது.

அவன் இருந்த இடத்திலேயே நின்றான். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கொம்பையா, இனிமே குடிப்பீங்களா?" தலைவியம்மா கேட்டார்.

"தெரியலம்மா."

கண்ணாடி ஐயா நிமிர்ந்து பார்த்தார். "தெரியலைன்னா என்னய்யா அர்த்தம்? இங்க வர்ற ஒவ்வொருத்தனும் குடிக்கமாட்டேன்னு அடிச்சுச் சொல்லுறான். நீ என்னடான்னா..."

"நானும் சொல்லியிருக்கேன் ஐயா. அதான் அது எத்தனை நாளைக்கு நிக்கும்னு தெரியும்."

"அவர் பேசட்டும் சார்," என்றார் தலைவியம்மா.

"ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிட்டே இருப்பேன். அதுக்கும் மேல கடைப்பக்கம் கால் இழுத்துதுன்னா, முதல்ல பிள்ளையைக் கொண்டுபோயி ஆவுடை வீட்டுல விட்டிருவேன். பெறவு கல்மண்டபத்துக்குப் போயிருவேன். தெளியாம வீட்டுப்படி ஏறமாட்டேன். என்னால சொல்ல முடிஞ்சது இதுதாம்மா."

"என் வீட்டுல அவளுக்குப் பாய் விரிச்சேதான் கெடக்கும்," என்றாள் ஆவுடை. "அண்ணன் கொண்டாந்து விடலேன்னாலும் நானே போயித் தூக்கிட்டு வந்திருவேன்."

சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கடைசியா எப்பக் குடிச்சே?"

எல்லாரும் திரும்பினார்கள். சொர்ணம் அப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தொடவில்லை என்றுதான் கொம்பையா கமிட்டிக்குச் சொல்லியிருந்தான். தங்கைக்கும் அதையே சொல்லியிருந்தான். பின்னால் கட்டிய கை அவிழப் பார்த்தது. அவன் விடவில்லை.

"போன மாசம். உன்னை வந்து பாத்து, தலையில சத்தியம் பண்ணிட்டுப் போனேன்லா, அன்னைக்குச் சாயங்காலம்."

"அண்ணே," என்றாள் ஆவுடை.

கண்ணாடி ஐயா பேனாவை மூடிவைத்தார். "அவ்வளவுதான். இதுக்கு மேல என்ன இருக்கு?"

"இதை ஏன் எங்ககிட்டச் சொல்லல?" தலைவியம்மாவின் குரல் உயரவில்லை.

"சொன்னா பிள்ளையைத் தரமாட்டீங்கன்னு."

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"அவ கேட்டா."

சொர்ணம் வார்டனின் சேலையை விட்டாள். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமே ஆகலியே," என்றாள்.

"ஆகாது தாயி. என்னைக்கும் ஆகாது. அது அப்பன் வாயி சும்மா கெடக்காமப் பேசினது. உன் தலை என்ன செய்யும் அதுக்கு?"

"அம்மை?"

"அம்மை எல்லாப் பிள்ளைக்கும் வரும். நம்ம தெருவுல அஞ்சாறு பிள்ளைக்கு வந்துச்சு. அந்த அப்பன்மாரெல்லாம் சத்தியமா பண்ணினானுவ?"

கண்ணாடி ஐயா ஏதோ கேட்க வாயெடுத்தார். தலைவியம்மா கையைக் காட்டினார்.

சொர்ணம் யோசித்தாள். வேகமாக அல்ல. அந்த நேரத்தில் கொம்பையாவின் கால் ஓடிப்போகச் சொன்னது. நாக்கு, சத்தியம் என்று ஒரே ஒரு சொல் சொல்லச் சொன்னது. அவன் நின்றான்.

தலைவியம்மா பிள்ளையிடம் குனிந்தார். "சொர்ணம், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கொஞ்ச நாள் உங்க அத்தை வீட்டுல இருந்து பார்க்கிறியா? அப்பா பகல்ல வந்து பார்க்கட்டும். நாங்களும் வாரா வாரம் வந்து பார்ப்போம். அதுக்கப்புறம் மத்ததைப் பேசலாம். நீ சரின்னா மட்டும்தான்."

சொர்ணம் அப்பன் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். எட்டித் தொடுகிற தூரம் இல்லை, ஆனால் முன்னைவிடக் கிட்ட.

"இங்க பெரிய அக்காமாரு தலை பின்னி விடுதாவ. உனக்குத் தலை பின்னத் தெரியுமா?"

"தெரியாது," என்றான் கொம்பையா.

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. நான் சொல்லித் தாரேன்."