ஏணியடியில் ஒருவர்

சாமியம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய சீடர் சிங்காரவேலுவுக்கு எழுபத்தொன்று. கேள்விப்பட்டவர்கள் சிரிப்பார்கள். "எனக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியுது. இதுல வயசு எங்க வந்துச்சு?" என்று சிங்காரவேலு வாயை அடைத்துவிடுவார்.

குன்றின் அடிவாரத்தில் ஓடு வேய்ந்த சின்ன மடம். வெள்ளிக்கிழமைதோறும் காலை முதல் பஸ்ஸில் சிங்காரவேலு அங்கே வருவார். அம்மாவுக்கு எதிரே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். மதியச் சாப்பாட்டுக்குள் டவுனுக்குத் திரும்பிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை நொண்டிக்கொண்டு வந்தார்.

"கால்ல என்ன, ஐயா?"

"ஒண்ணுமில்லம்மா. லேசாச் சுளுக்கு."

 சாமியம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். பொய் சொன்ன தொண்டையில் மோர் எங்கே இறங்கும்? பாதி டம்ளரில் நிறுத்திவிட்டார்.

"விழுந்துட்டேம்மா. சமையக்கட்டு டியூப்லைட் போயி இருபது நாளாச்சு. புதுசு வாங்கி வச்சிருக்கேன். ஸ்டூல் போட்டு ஏறினேன். ஆடிருச்சு."

"தனியா ஏறினீங்களா?"

"ஆமா."

"நீங்களா?"

சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டார். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறி, போர்மேனாக ஓய்வு பெற்றவர் அவர். ஒருவர் ஏறினால் ஒருவர் அடியில் நிற்க வேண்டும் என்பது தன் ஆட்களுக்கு அவர் போட்ட சட்டம். மேலே இருப்பவர் இறங்கும்வரை கீழே இருப்பவர் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. மீறியவர்கள் வாங்கிய வசவை இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"கம்பத்துக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டமா?"

"வீட்டுல குணவதி நிப்பாம்மா."

அவர் மனைவி குணவதி போன வருஷம் ஐப்பசியில் இறந்துபோனார். பல்பு மாற்றவோ, பரணில் கிடக்கும் அண்டாவை இறக்கவோ, எதற்காகச் சிங்காரவேலு ஸ்டூலை இழுத்தாலும் அந்தச் சத்தம் கேட்டு அடுப்பைத் தணித்துவிட்டு வந்துவிடுவார். இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். கணவர் இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்.

"ஞாயித்துக்கிழமை மக வர்றா," என்றார் சிங்காரவேலு. "அடுப்படி இருட்டாக் கெடக்கிறதப் பாத்தான்னா அவ்வளவுதான். போன தடவையே சொல்லிட்டா, ஒரு லைட் மாட்ட ஆளில்லாம இங்க எதுக்குப்பா இருக்கீங்கன்னு. வீட்டைப் பூட்டிட்டுப் புனேக்குக் கூட்டிட்டுப் போயிருவா."

"போனா என்ன?"

"குணவதி இருந்த வீடும்மா அது. காலையில கண்ணு முழிச்சதும் அடுப்படியில பாத்திரச் சத்தம் கேக்குதான்னு இன்னமும் காது அங்கயே போகுது. கேக்காதுன்னு தெரியும். ஆனாலும் புனேல போயி எந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பேன்?"

 அம்மா மீதி மோரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்ககிட்ட வேலை பாத்தவங்க ஊர்லதானே இருக்காங்க?"

"சொன்னா ஓடி வருவானுங்க. 'நீங்க உக்காருங்க சார்'னு சொல்லிட்டு ரெண்டு நிமிஷத்துல மாட்டிட்டுப் போயிருவானுங்க. எனக்கு மாட்டுறதுக்கு ஆள் வேண்டாம்மா. பிடிச்சுக்க ஆள் வேணும்."

"பக்கத்து வீட்டுல யாரு?"

"அந்தோணிசாமி. லாரி ஓட்டினவரு. அவரும் தனிதான். எதுனா வேணும்னா கூப்பிடுங்கன்னு ரெண்டு தடவை வாசல்ல வந்து சொல்லிட்டாரு. ஒண்ணும் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"அவரு வேலையைக் கெடுப்பானேன்?"

"என்ன வேலை?"

சிங்காரவேலு யோசித்துப் பார்த்தார். அந்தோணிசாமி காலையில் பேப்பர் படிப்பார். மத்தியானம் அதே பேப்பரைப் படிப்பார். சாயங்காலம் அதை மடித்து வைப்பார்.

"எதுவா இருந்தா என்னம்மா, அடுத்தவங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது," என்றார் விடாப்பிடியாக. "யாரையும் தொந்தரவு பண்ணாம மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுறது? அதைக் கேக்கத்தான் நொண்டிக்கிட்டு வந்தேன்."

சாமியம்மா எழுந்து கொல்லைப்புறம் போனார். மூங்கில் ஏணியைத் தூக்கிவந்து உத்தரத்தில் சாய்த்தார். காலையில் புளி போட்டுத் தேய்த்த தொங்குவிளக்கு தரையில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதை மாட்டணும். பிடிச்சுக்குறீங்களா?"

"நான் ஏறுறேம்மா."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா? பிடிங்க."

சிங்காரவேலு ஏணியைப் பிடித்தார். கம்பமோ வீடோ, ஏறுகிறவர் எப்போதும் அவர்தான். அடியில் நின்று பழக்கமில்லை. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினார். மூன்றாவது படி கிறீச்சிட்டது.  நாலாவது படியில் ஏணி லேசாக நகர்ந்தது. சிங்காரவேலு வலிக்கிற காலையும் வைத்து முட்டுக்கொடுத்தார்.  வாய் தன்னால் முருகா முருகா என்றது. உத்தரத்திலிருந்து உதிர்ந்த தூசி கண்ணில் விழுந்தது. கையை எடுத்துத் துடைக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

மேலே கொக்கியில் விளக்குச் சங்கிலி விழுந்த சத்தம் கேட்டது.

"அம்மா."

"சொல்லுங்க, ஐயா."

"கீழ நிக்கிறது இம்புட்டு பயமா?"

சிங்காரவேலு ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நான் மேல நின்னு பாட்டுப் பாடுவேம்மா. வேணும்னே ஒத்தக் கால்ல நின்னு காட்டுவேன். அவ சிரிக்க மாட்டா. ஒரு வார்த்தை பேச மாட்டா. அடுப்புல வேலை கெடக்கேன்னு கோவத்துல நிக்கிறான்னு நெனச்சேன். நாப்பத்தி மூணு வருஷம் அப்படித்தான் நெனச்சேன்."

கண்ணீர் தாடைவரைக்கும் ஓடியது. அதையும் துடைக்கவில்லை. இரண்டு கையும் ஏணியில் இருந்தன.

வெளியே வேலியில் ஆடு ஒன்று கத்தி ஓய்ந்தது. 

"கை வலிக்குதா, ஐயா?"

"இல்லம்மா."

"சிரமமா இருக்கா?"

 குணவதி போனபின் சிங்காரவேலுவின் கையை யாரும் எதற்கும் நம்பியிருந்ததில்லை. இப்போது ஓர் ஆளின் கனம் மூங்கில் வழியாக உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் விட மனம் வரவில்லை.

"ஒரு சிரமமும் இல்லம்மா. நீங்க நிதானமாவே மாட்டுங்க."

"மாட்டி ரொம்ப நேரமாச்சு, ஐயா. நீங்க பிடிச்சிட்டிருக்கீங்களேன்னுதான் இறங்காம நிக்கிறேன்."