கத்தி வளைந்த இடம்

“சுவாமி, என்னை மாட்டுக் கொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்” என்றார் சிற்றம்பலம்.

குரு வீரட்டர் புத்தகத்தை மூடினார்.

“மாடுகள் கேட்டனவா?”

“மாடுகள் முகம் பார்ப்பதில்லை, சுவாமி.”

அந்தச் சிறிய மலை மடத்தில் சீடருக்கு வயது முப்பத்தெட்டு. குருவுக்கு அதில் இரண்டு குறைவு. அதனால் சீடர் குருவைச் ‘சுவாமி’ என்பார்; குரு சீடரை ‘நீர்’ என்பார். இருவருக்கும் அது ஒத்துப்போய்விட்டது.

ஒத்துப்போகாதது பருதான். பதினெட்டு வயதில் எட்டிப் பார்க்காத பரு, காதோரம் நரைத்த பிறகு வந்து சிற்றம்பலத்தின் கன்னத்திலும் தாடையிலும் குடியேறியிருந்தது.

நாளை பௌர்ணமி. ஊர்மக்கள் இருநூறு பேர் மலையேறி வருவார்கள். முதன்முறையாக அவர்கள் முன் அமர்ந்து சிற்றம்பலம் கதை சொல்ல வேண்டும். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த நாள்.

விளக்கோ முகத்துக்கு நேரே இருக்கும்.

“என்ன மருந்து போட்டீர்?”

“திங்கட்கிழமை, சமையற்கட்டு மதுரம் அம்மாள் சொன்ன ஜாதிக்காய். செவ்வாய் எலுமிச்சைச் சாறு. புதன் சந்தனம். நேற்று ஒரு பக்தர் பற்பசை நல்லது என்றார்.”

“முகத்துக்கா?”

“முகத்துக்குத்தான்.”

“அதுதானே பார்த்தேன். வரும்போதே புதினா மணத்தது.”

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

“நல்ல தண்ணீரில் முகம் கழுவும். ஒரே மருந்தை ஒரு மண்டலம் போடும். கையை அங்கே கொண்டுபோகாதீர்” என்றார் குரு.

“நாற்பத்தெட்டு நாளா! கூட்டம் நாளைக்கு, சுவாமி.”

“பருவுக்கு அது தெரியாதே.”

“கழுவிவிடலாம். மருந்தும் போட்டுவிடலாம். கைதான் கேட்கமாட்டேன் என்கிறது. படிக்கும்போது போகிறது. ஜபத்தில் உட்கார்ந்தாலும் போகிறது. கிள்ளிய பிறகுதான் கிள்ளியதே தெரிகிறது. இது அடங்காத கை.”

சொல்லும்போதே அந்தக் கை தாடைக்குப் போயிருந்தது.

மடத்தில் கண்ணாடி கிடையாது.

“பத்து நாளாகச் செம்பெல்லாம் தங்கம்போல் மின்னுவதாக மதுரம் அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். முகம் பார்க்கத் தேய்த்தது நீர்தானா?”

சிற்றம்பலம் தலைகுனிந்தார்.

“உங்களுக்கென்ன, சுவாமி. உங்கள் முகத்தில் ஒரு வடு உண்டா?”

குரு புத்தகத்தை ஓரமாக வைத்தார்.

“அப்படியா? சரி, கத்தியை எடும். நாளைக்குக் கூட்டம் எனக்கும்தானே.”

பௌர்ணமிக்கு முந்தின நாள் குருவுக்கு முகம் மழிப்பது எட்டு வருஷமாகச் சிற்றம்பலத்தின் வேலை. வெந்நீர் கொண்டுவந்தார். சோப்பு நுரை பூசினார். கத்தியைத் தீட்டினார்.

கத்தி வலது கன்னத்தில் இறங்கியது. பாதி வழியில் மெதுவானது. கொஞ்சம் வளைந்தது. பிறகு நேரானது.

“நிறுத்தும். கத்தி ஏன் வளைந்தது?”

“அங்கே ஒரு குழி இருக்கிறது, சுவாமி.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

“ம். மேலே போம்.”

தாடைக்கு மேல் கத்தி மறுபடி மெதுவானது.

“இங்கே?”

“இரண்டு. பக்கத்துப் பக்கத்தில்.”

“இடது பக்கம்?”

சிற்றம்பலம் இன்னும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

“நான்கு” என்றார், மெல்ல.

“எல்லாம் இருபத்தைந்து வயதில் வந்த பரு. பரு போய்விட்டது. இந்தக் குழிகள் என் நகம் தோண்டியவை.” நுரைக்கடியிலிருந்து குருவின் சிரிப்பு வந்தது. “இந்த எட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது இவற்றில் கத்தி பட்டிருக்கிறதா?”

“இல்லை, சுவாமி.”

“ஒரு தடவைகூட?”

“எப்படிப் படும்? உங்கள் முகம் அல்லவா!”

குரு அவர் மணிக்கட்டைக் கத்தியோடு பிடித்து, அவர் கண்ணுக்கு நேரே உயர்த்தினார்.

“இந்தக் கையைத்தானே அடங்காத கை என்றீர்?”

சிற்றம்பலம் மீதி முகத்தையும் மழித்து முடித்தார். செம்பில் தண்ணீர் மொண்டு கத்தியைக் கழுவினார். செம்பு மின்னியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

தாடை அரித்தது.

கை எழுந்தது. பாதி வழியில் மெதுவானது. கொஞ்சம் வளைந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் குருவிடம் நீட்டியது.

குரு முகம் துடைத்துக்கொண்டார்.

“மாட்டுக் கொட்டிலுக்கு?”

“வேறு ஆள் பாருங்கள், சுவாமி. நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது.”