தீட்டாத கத்தி

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் கரடி ஒன்று சவரத் தொழில் செய்துவந்தது. அன்று முகூர்த்த நாள். விடிந்ததிலிருந்து ஆறு பேருக்குச் சவரம் செய்து கரடியின் கை ஓய்ந்துவிட்டது. அந்த ஆறு பேருமே கத்தியைத் தீட்டுவதைப் பார்த்துப் பயந்தவர்கள். ஆறு பேருக்கும் ஒரே விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி அதன் வாயும் ஓய்ந்துவிட்டது.

ஏழாவதாக வந்து உட்கார்ந்தது வெள்ளாட்டுக் கிடா. இன்னும் சற்று நேரத்தில் அதன் மகளுக்குக் கல்யாணம்.

கரடி சாணைக்கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டது. கத்தியைப் படுக்கவைத்து ஓர் இழுப்பு இழுத்தது.

"ஐயையோ! என்ன அண்ணே செய்றீங்க?" கிடா துள்ளி எழுந்தது.

"ஆறு பேருக்குப் போட்ட கத்தி. மழுங்கிப்போச்சு. தீட்டுறேன்."

"மழுங்கினா நல்லதுதானே! என் கழுத்து பத்திரமா இருக்கும்!"

கரடி பெருமூச்சு விட்டது. "கூரான கத்தி முடியை மட்டும் எடுத்துட்டுப் போயிடும். மழுங்கினது முடியைப் பிடிச்சு இழுக்கும். அப்போ நான் அழுத்தணும். அழுத்தினா வழுக்கும். வழுக்கினா..."

"எல்லாரும் கேட்டுக்கோங்க! கூரான கத்தி வெட்டாதாம், மழுங்கின கத்தி வெட்டுமாம்!" என்றது கிடா. பின்னால் காத்திருந்த காட்டுப்பன்றியும் குரங்கும் விழுந்து விழுந்து சிரித்தன.

கரடிக்குச் சலித்துவிட்டது. இன்னொரு தரம் சொன்னால் ஒருவேளை புரியலாம். பத்துத் தரம் சொன்னால் கட்டாயம் புரியும். அந்தப் பத்துத் தரத்துக்குத் தெம்பு எங்கே இருக்கிறது? வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

"சரி, சரி. நீங்க சொல்றதும் சரிதான். தீட்டலை" என்று தலையாட்டிவிட்டுக் கல்லை ஓரமாகத் தள்ளியது.

கன்னம் எப்படியோ தப்பித்தது. தாடைக்குக் கீழே முடி முரடு. கத்தி நகராமல் நின்றது. கரடி அழுத்தியது. கத்தி சறுக்கியது.

"ம்மே!"

ரத்தம் வழிந்தது. ஒரு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் கல்யாண வீடு சாவு வீடாகியிருக்கும். கரடி ரத்தத்தை நிறுத்தப் படிகாரத்தை எடுத்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தது.

"பார்த்தீங்களா!" என்று அலறியது கிடா. "தீட்டாத கத்தியே இந்தப் போடு போடுதே! தீட்டியிருந்தா என் தலையே உருண்டிருக்கும்!"

"எனக்கும் தீட்டாத கத்திதான் வேணும்!" என்றது பன்றி.

"எனக்கும்!" என்றது குரங்கு.

"ஐயோ, தீட்டாததாலதான் வெட்டுச்சு!" கரடி பதறியது. "சத்தியமா சொல்றேன், தீட்டினாதான் பத்திரம்!"

கிடா படிகாரத்தை வாங்கிப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தது. "அப்போ, நான் சொல்றதும் சரின்னு தலையாட்டினது யாரு?"

பன்றி வந்து உட்கார்ந்து கழுத்தை நீட்டியது.

உண்மை தெரிந்தவர் சலிப்பில் ஒரே ஒரு முறை தலையாட்டிவிட்டாலும், பிறகு அவர் தொண்டை கிழியச் சொன்னாலும் காது கொடுக்க ஆள் இருக்காது.