தோற்றால் தோப்பு

மூங்கில்காட்டில் எல்லாம் இருந்தது, பிள்ளைகளே. வற்றாத ஓடை இருந்தது. படுத்துப் புரள நிழல் இருந்தது. கோடை வந்தால் கொத்துக் கொத்தாகப் பழுக்கும் நாவல் தோப்பு இருந்தது. சொந்தமாக ஒரு கால்பந்து அணிகூட இருந்தது. அந்த அணிக்கு ஒரு பயிற்சியாளர்தான் இல்லை.

அணி ஒன்றும் மோசமில்லை. முயல் காற்றாய்ப் பறந்து கோல் அடிக்கும். கை நீண்ட கருங்குரங்கு கோல்கீப்பர். காட்டெருமை பின்னால் நின்று எதிரிகளை மறிக்கும். யானையை மட்டும் சேர்க்க முடியவில்லை. அது கோலில் நின்றால் பந்து போக வழியே இராது என்று மற்ற காடுகள் எல்லாம் கூடித் தடை போட்டுவிட்டன. அணியின் தலைவி ஒரு காட்டுப்பன்றி. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும்.

"இந்த வருடம் கோப்பை நமக்குத்தான்! அதற்கு ஊர் உலகமே வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு பயிற்சியாளர் வேண்டும்" என்றது சிங்கராஜா.

ஆள் தேர்வு தொடங்கியது. சிங்கமும் மயிலும் பாறைமேல் உட்கார்ந்து கேள்வி கேட்டன. முதலில் ஆந்தை வந்தது. பகல் நேரம் அல்லவா? கேள்வி முடிவதற்குள் தூங்கிவிட்டது. அடுத்து ஓணான் வந்தது.

"நீர் வந்தால் நாம் ஜெயிப்போமா?" என்று கேட்டது சிங்கம்.

ஓணான் தலையை ஆட்டியது.

"தோற்றுவிடுவோமா?"

அதற்கும் ஆட்டியது. சரி, போய் வாரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்போது கமகமவென்று ஒரு வாசனை வந்தது. வாசனைக்குப் பின்னால் ஒரு புனுகுப் பூனை வந்தது. புனுகுப் பூனையின் உடம்பே மணக்கும், பிள்ளைகளே. வாசனைத் திரவியக் கடையில் பாதியைப் பூசிக்கொண்டு வந்ததுபோல இருக்கும்.

"இதற்கு முன் எந்தக் காட்டுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்?" என்று கேட்டது மயில்.

"எந்தக் காட்டுக்குக் கொடுக்கவில்லை என்று கேளுங்கள்" என்று சிரித்தது புனுகுப் பூனை. "வடக்கே தேக்குக்காடு, தெற்கே பனங்காடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தனை காடுகளும்."

"அடேயப்பா!" என்றது மயில்.

இத்தனை காடுகளில் இருந்தவர் ஒரு காட்டிலாவது ஏன் நிலைத்து இருக்கவில்லை? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசனை தலைக்கு ஏறிவிட்டது.

"கூலி என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று சிங்கம் கேட்டது.

"தினம் ஒரு கைப்பிடி பழம் கொடுங்கள், போதும்."

"ஜெயித்தால்?"

"ஜெயிக்க வைப்பது என் கடமை, அரசே. கடமையைச் செய்ததற்குப் பரிசு வாங்குவேனா? வேண்டவே வேண்டாம்!"

மயில் இறகால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இப்படி ஒரு நல்லவரை அது பார்த்ததே இல்லையாம்.

"ஒரு சின்ன நிபந்தனை மட்டும் உண்டு" என்றது புனுகுப் பூனை. "மழைக்காலம் வரை நான்தான் பயிற்சியாளர். நடுவில் நானாக விட்டுப் போனால் எனக்கு எதுவும் தர வேண்டாம். நீங்களாக என்னை விலக்கினால் என் மானம் போய்விடும் அல்லவா? அதற்கு ஈடாக இந்த வருடத்து நாவல் தோப்பை எனக்குக் கொடுத்துவிட வேண்டும். முழுத் தோப்பையும்."

காட்டுப்பன்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மன்னா, தோப்பா? கோடையில் மண் கல்லாய் இறுகிவிடும். கிழங்கு தோண்ட முடியாது. என் குட்டிகள் அந்தப் பழத்தை நம்பித்தான் இருக்கின்றன. என் குட்டிகள் மட்டுமா? காட்டில் இருக்கிற அத்தனை குட்டிகளும்தான்!"

"பன்றியம்மா, நீ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாய். இப்படிப்பட்டவரை யாராவது விலக்குவார்களா?" என்றது சிங்கம். உடனே பாறையில் கையை ஓங்கி அடித்து வாக்குக் கொடுத்துவிட்டது. ராஜா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அந்தக் காட்டில் அதை மாற்றும் வழக்கம் இல்லை.

முதல் ஆட்டம் குளக்காட்டு அணியோடு நடந்தது. புனுகுப் பூனை ஆட்களை நிறுத்திய அழகைக் கேளுங்கள். ஓடி ஓடி கோல் அடிக்கும் முயலைக் கோல்கீப்பர் ஆக்கியது. கருங்குரங்கை முன்னால் அனுப்பியது. நகரவே நேரம் எடுக்கும் காட்டெருமையை மைதானம் முழுக்க ஓடச் சொன்னது.

"இது புதுமுறை. உங்களுக்குப் போகப் போகப் புரியும்" என்றது.

போகப் போகப் புரிந்தது, எதிரணிக்கு. முயலின் காதுக்கு மேலே ஒரு கோல், காதுகளுக்கு நடுவே ஒரு கோல் என்று அடித்துத் தள்ளினார்கள். குளக்காட்டுத் தவளைகள் எண்ணிக்கை தவறிப்போய், நிறைய என்று மட்டும் எழுதி வைத்தன.

சிங்கத்துக்குப் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. புனுகுப் பூனைக்கு முன்னால் போய் நின்று, "என்ன பயிற்சி இது? நீர் இந்த நிமிடமே வெ..." என்று கர்ஜிக்கத் தொடங்கியது.

அப்போது காட்டுப்பன்றி ஒன்றைப் பார்த்தது. தோற்றுப்போன பயிற்சியாளர் தலையைத் தொங்கப் போடுவார், இல்லை எரிந்து விழுவார். இந்தப் பயிற்சியாளரோ வாலை ஆட்டிக்கொண்டு நின்றார். ராஜாவின் வாயிலிருந்து அடுத்த எழுத்து எப்போது விழும் என்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்!

"மன்னா!" என்று பாய்ந்து நடுவில் புகுந்தது பன்றி. "தும்மல் வருகிறதா? வாருங்கள், ஓடையில் தண்ணீர் குடிக்கலாம்."

சிங்கத்தை ஓடைக்குத் தள்ளிக்கொண்டே போனது.

"எனக்கு எங்கே தும்மல்? அந்த வாசனைப் பயலை வெளியே போ என்று சொல்ல வந்தேன்!"

"அதற்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வெளியே போ என்று சொன்னால் தோப்பு அவருக்கு. ஜெயித்தால் அவருக்கு ஒன்றும் கிடையாது. தோற்று, உங்களுக்குக் கோபம் வந்தால்தான் அவருக்கு விருந்து. அத்தனை காடுகளிலும் இதைத்தான் செய்திருப்பார், மன்னா. ஏன் கிளம்பி வந்தீர் என்று நாம் கேட்கவே இல்லை."

சிங்கம் ஓடைத் தண்ணீரில் குனிந்து பார்த்தது. அதன் முகம் அதற்கே பிடிக்கவில்லை.

"இப்போது என்ன செய்வது?" என்று மெல்லக் கேட்டது.

"எதுவும் செய்யக் கூடாது. அவரை விலக்கவே கூடாது. அவ்வளவுதான்."

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. சிங்கத்துக்கு அல்லவா தெரியும் அந்தக் கஷ்டம்! மறுநாளே புனுகுப் பூனை வந்து, "அரசே, உங்கள் பிடரி காய்ந்த வைக்கோல் மாதிரி இருக்கிறது" என்றது. சிங்கம் ஒரு மூங்கிலை எடுத்துக் கடித்துக்கொண்டே, "தாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றது. அதற்கு அடுத்த நாள், "உங்கள் கர்ஜனையைக் கேட்டேன். பசிக்கிற பூனைக்குட்டி என்று நினைத்தேன்" என்றது. இரண்டு மூங்கில்கள் தூளாயின. "ஆமாம், தொண்டை சரியில்லை" என்றது சிங்கம்.

புனுகுப் பூனைக்கும் நிம்மதி இல்லை. அது இரவில் உலாவி, பகலில் தூங்கும் பிராணி. காட்டுப்பன்றியோ தினமும் பொழுது விடியும்போதே அதன் பொந்துக்கு முன்னால் போய் நிற்கும்.

"ஐயா, எழுந்திருங்கள். பயிற்சிக்கு நேரமாகிறது. வராவிட்டால் நீங்களாக விட்டுப் போனதாக ஆகிவிடும்."

கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும். வெயிலில் நிற்கும். கைப்பிடிப் பழத்தைத் தின்னும். இப்படியே அது பாதியாய் இளைத்துவிட்டது.

ஆனால் அணி மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல வேளை, இதுவரை நடந்தவை எல்லாம் பழக்க ஆட்டங்கள்தான்; கோப்பைக்கான ஒரே ஆட்டம் பாறைக்காட்டோடு இனிமேல்தான் இருந்தது. நாவல் மரங்களில் காய்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன.

சிங்கம் பன்றியைத் தனியாகக் கூப்பிட்டது.

"பன்றியம்மா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு முறை தோற்றால் என்னால் வாயைக் கட்ட முடியாது. காடு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. என் கோபம் எனக்குத் தெரியும். சொல்லித் தொலைத்துவிடுவேன். தோப்பு போய்விடும்."

காட்டுப்பன்றி அன்று மரத்தடியில் தன் குட்டிகளைப் பார்த்தது. அவை ஒவ்வொரு காயாக மோந்து பார்த்து, இன்னும் பழுக்கவில்லையே என்று முகம் வாடின. பன்றி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. உடனே அணியைக் கூட்டியது.

"ஜெயித்தே ஆக வேண்டும். எப்படி ஜெயிப்பது?"

"எப்படி ஜெயிப்பது, அக்கா? இத்தனை நாளில் நமக்கு ஒரு நல்ல பயிற்சியாவது கொடுத்தாரா?" என்று அழுதது முயல். "என்னால் எதைச் செய்யவே முடியாதோ, அதைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறார்."

"எனக்கும் அப்படித்தான்" என்றது கருங்குரங்கு.

"எனக்கும்" என்றது காட்டெருமை.

பன்றி சட்டென்று நிமிர்ந்தது.

"அப்படியானால் யாருக்கு எது வரும், எது வராது என்று அவருக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்திருக்கிறது! இவ்வளவு சரியாகக் கெடுக்கிறவருக்கு ஆட்டம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! நாளைக்கு அவர் எது சொன்னாலும் சரி என்று தலையாட்டுங்கள். மைதானத்தில் அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்."

மறுநாள் நடுவர் கொக்கு விசில் ஊதியது. புனுகுப் பூனை ஓரத்தில் நின்று கத்த ஆரம்பித்தது.

"முயலே, கோலைவிட்டு நகராதே!" என்றது. முயல் அம்பாய் முன்னால் பாய்ந்தது. கருங்குரங்கு பின்னால் ஓடிவந்து கோலில் நின்றுகொண்டது.

"எருமையே, ஓடு!" என்றது. எருமை நங்கூரம் போட்டதுபோல நின்றது. பாறைக்காட்டு வரையாடுகள் அதன்மேல் மோதி மோதி உட்கார்ந்தன.

"இடது பக்கம் போகாதீர்கள்!" என்றது. எல்லோரும் இடது பக்கம் போனார்கள். அங்கே எதிரிகள் ஒருவரும் இல்லை. முயல் ஒரு கோல் அடித்தது! சிங்கம் வாயிலிருந்த மூங்கிலைத் துப்பிவிட்டுக் குதித்தது.

இடைவேளைக்குப் பிறகு பாறைக்காடும் ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடிகிற நேரம். புனுகுப் பூனை லேசுப்பட்டதா? இவர்கள் தன் பேச்சைத் திருப்பிப் போட்டு ஆடுகிறார்கள் என்று அதற்குப் புரிந்துவிட்டது. மீசைக்குள் சிரித்துக்கொண்டு, நல்ல யோசனைகளைச் சொல்ல ஆரம்பித்தது. அதையும் இவர்கள் திருப்பிப் போட்டுக் கெட்டுப்போவார்கள் அல்லவா?

"எருமையே, பந்தை நீளமாக அடி! முயல் தனியாக நிற்கிறது, பார்!"

எருமை பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு விழித்தது. காட்டுப்பன்றி திரும்பிப் பார்த்தது. முயல் உண்மையாகவே தனியாக நின்றது. பயிற்சியாளரின் வால் வேறு ஆடிக்கொண்டிருந்தது.

"எருமைத் தம்பி!" என்று தொண்டை கிழியக் கத்தியது பன்றி. "இந்த ஒரு முறை சொன்னபடியே செய்!"

எருமை ஓங்கி ஒரு உதை விட்டது. பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து முயலின் காலில் விழுந்தது. முயல் தட்டியது. கோல்! கொக்கு விசில் ஊதியது. மூங்கில்காடு கோப்பையை ஜெயித்துவிட்டது!

சிங்கம் ஓடிவந்து புனுகுப் பூனையை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டது.

"பயிற்சியாளர் என்றால் நீர்தான் பயிற்சியாளர்!"

"அரசே," என்று மூச்சுத் திணறியபடி கேட்டது புனுகுப் பூனை, "ஜெயித்ததற்கு ஏதாவது... ஒரு கூடைப் பழமாவது..."

"பரிசா? உமக்கா? அந்தப் பாவத்தை நான் செய்வேனா? கடமைக்குப் பரிசு வாங்க மாட்டேன் என்று சொன்ன உத்தமர் அல்லவா நீர்! மழைக்காலம் வரைக்கும் உம்மை விடவே மாட்டேன். நாளைக்கு விடியும்போதே பயிற்சி."

மறுநாள் காட்டுப்பன்றி போய்ப் பார்த்தபோது பொந்து காலியாக இருந்தது. கொஞ்சம் வாசனை மட்டும் மிச்சம் இருந்தது.

நாவல் பழுத்தது. பன்றிக்குட்டி, முயல்குட்டி, குரங்குக்குட்டி என்று எல்லாம் தின்று நாக்கை நாக்கைக் காட்டி, யாருடையது அதிக ஊதா என்று சண்டை போட்டன. காட்டுப்பன்றி அதைப் பார்த்துக்கொண்டே வயிறு குளிர்ந்து தூங்கியது.

அடுத்த வருடத்துக்கு ஆள் தேர்வு வந்தது. ஓடையிலிருந்து ஒரு நீர்நாய் சொட்டச் சொட்ட வந்து பாறைக்கு முன்னால் நின்றது. சிங்கம் அதன் ஊரைக் கேட்கவில்லை, பேரைக்கூடக் கேட்கவில்லை.

"முதலில் இதைச் சொல்லும். நாங்கள் தோற்றால் உமக்கு என்ன கிடைக்கும்?"

நீர்நாய் தலையைச் சொறிந்தது.

"என்ன கிடைக்கும், மன்னா? உங்களிடம் வசவுதான் கிடைக்கும்."

"நாளைக்கே வந்து சேரும்!" என்றது சிங்கம்.

நீதி: தோற்றால் லாபம் என்று ஒருவருக்குக் கூலி பேசிவிட்டு, அவர் வெற்றி தேடித் தருவார் என்று காத்திருக்கக் கூடாது.