முன்னால போகத் தெரியாத டிராக்டர்

ஒரு ஊர்ல ஒரு பெரிய தகரக் கொட்டகை. நம்ம ஊர் இல்ல குட்டி, சுவீடன்ல. மூக்க வெளிய நீட்டுனா மூக்கு உறைஞ்சு போற ஊரு. கொட்டகை நிறைய பழைய இரும்பு. நீராவி எஞ்சின், மரம் அறுக்குற மிஷினு, கொள்ளுத்தாத்தா காலத்து டிராக்டரு. அதுக்கு மியூசியம்னு பேரு.

“ம்.”

அதப் பாத்துக்கிட்டது கெர்டான்னு ஒரு அம்மா. ஒத்தாசைக்கு அவ தம்பி ஸ்டூரே. சிரிக்காதே, உன் பேரக் கேட்டா அவங்களும்தான் சிரிப்பாங்க. கெர்டாவுக்குக் கையில எப்பவும் கிரீஸு, வாயில எப்பவும் வசவு. நீராவி எஞ்சினத் தடிச்சின்னுதான் கூப்பிடுவா. ஒரு டிராக்டருக்குத் தும்மல்னு பேரு. இன்னொண்ணுக்குக் குசுமூட்டை.

“ஹிஹி...”

அவளுக்குப் புள்ளகுட்டி கிடையாது. எல்லாம் அதுங்கதான். கொட்டகைக்குப் பின்னாடி பண்ணைக்காரன் ஒருத்தன் மாட்டுச்சாணியக் குவிச்சு வெச்சிருந்தான். அத ஞாபகம் வெச்சுக்க, அப்புறம் வேணும்.

அப்போ அந்த ஊருக்குப் புதுசா ஒரு தலைவர் வந்தாரு, ஹோல்கர்னு. இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட மூஞ்சி. கொட்டகைய ஒரு சுத்து சுத்திட்டு, “இதையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டா கார் நிறுத்த எடமாச்சு”ன்னாரு.

கெர்டா இடுப்புல கை வெச்சா. “ஓடுற வண்டிய எவனாவது காயலான் கடைக்குப் போடுவானா?”

“எதும்மா ஓடுது? ஞாயித்துக்கிழம வரேன். ஒண்ணே ஒண்ணு முன்னால இருக்குற அந்த கேட்டு வரைக்கும் ஓடட்டும், கொட்டகை உனக்கு. ஓடலேன்னா லாரி வரும்.”

ஞாயித்துக்கிழம ஊரே கூடிருச்சு. மொதல்ல தடிச்சி. கரியப் போட்டாங்க, தண்ணிய ஊத்துனாங்க. புஸ்ஸ்ஸ்... கூஊஊ! அவ்வளவுதான். இருந்த நீராவியெல்லாம் ஊதியே தீந்துபோச்சு, நின்ன எடத்த விட்டு அசையல. “தலைவர்ங்க மாதிரியே இருக்கா, ஊத மட்டுந்தான் தெரியுது”ன்னான் ஸ்டூரே. தலைவர் இருமுனாரு.

அப்புறம் தும்மல். டுர்ர்... டுர்ர்... ஹச்! முன்சக்கரம் கழண்டு, தனியா உருண்டு உருண்டு கேட்டு வரைக்கும் போச்சு.

“போயிருச்சு!”ன்னு குதிச்சான் ஸ்டூரே.

“சக்கரம் போனா போதுமா? வண்டி போகணும்!”ன்னாரு தலைவர்.

மிச்சம் குசுமூட்டைதான். அதக் கெளப்பணும்னா மொதல்ல எஞ்சின் மண்டைய வெளக்கு வெச்சு நெருப்பால சுடணும். நல்லா செவந்தப்புறம் பெரிய சக்கரத்தக் கையால சுத்திவிடணும். ஆனா அதுக்கு ஒரு வியாதி. சூடு பத்தலேன்னா ஒதைச்சுக்கிட்டு எஞ்சினே தலைகீழா சுத்தும். அப்போ முன்கியர் போட்டா வண்டி பின்னால போகும், பின்கியர் போட்டா முன்னால போகும். புரியுதா?

“ம்.”

வெளக்கப் பத்த வெச்சாங்க. அந்த நேரம் பாத்து காபி மணி அடிச்சுது. அந்த ஊர்ல வீடு பத்திக்கிட்டாலும் மொதல்ல காபி, அப்புறந்தான் தண்ணி. கூட, பட்டை போட்ட பன்னு வேற. அத்தன பேரும் போயிட்டாங்க. வெளக்கு அணைஞ்சு, மண்டை ஆறிப்போச்சு. திரும்பி வந்த ஸ்டூரே, வாய் நிறைய பன்னோட, ஒண்ணையும் பாக்காம சக்கரத்தச் சுத்துனான். டுப்! ஒதைச்சுது. டுப்... டுப்... டுப்...

கெர்டா பாத்தா. எஞ்சின் தலைகீழா சுத்துது. “நிறுத்து”ன்னு சொல்ல வாயத் தொறந்தா. அதுக்குள்ள தலைவர் மேல ஏறி உக்காந்துட்டாரு.

“நீ ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவே. நானே ஓட்டிப் பாக்குறேன்.”

“தலைவரே, எறங்குங்க, அது வந்து...”

“எனக்குத் தெரியும்மா!”

தெரியும்னுட்டாரே. அவ வாய மூடிக்கிட்டா.

தலைவர் முன்கியர் போட்டாரு. டுப்டுப்டுப்டுப்... பின்னால, பின்னால, பின்னால... மடார்னு கொட்டகையோட பின்பக்கத் தகரச் சுவத்த ஒடச்சுக்கிட்டு! அப்புறம், சளக்!

“சாணியிலயா?”

ஆமா, தலைவர் தெறிச்சு விழுந்தாரு, கழுத்து வரைக்கும்.

ஊரே வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சுது. தலைவர் வாயில இருந்ததத் துப்பிட்டு, “பின்னாலதானே போச்சு! கேட்டு முன்னால இருக்கு! லாரியக் கூப்பிடுங்கடா!”ன்னு கத்துனாரு.

குசுமூட்டை மட்டும் சாணிக்குள்ள நின்னு டுப் டுப்ங்குது. கெர்டா ஓடிப்போய் ஏறுனா. “ஏண்டா குசுமூட்டை, இன்னிக்கு மட்டும் மானத்தக் காப்பாத்துடா”ன்னு அதும் முதுகுல ஒரு தட்டு தட்டுனா. தலைவரப் பாத்து, “ஏறிக்கிறீங்களா, இல்ல இங்கயே இருக்கீங்களா?”

பாவம், வேற வழி? ஏறிக்கிட்டாரு. கெர்டா பின்கியர் போட்டா.

டுப்... டுப்... டுப்... சாணிய விட்டு வந்து, ஓட்டை வழியா நொழைஞ்சு, தடிச்சியத் தாண்டி, தும்மலத் தாண்டி, வெளிய வந்து, நேரா கேட்டுக்கு. டங்!

“ஓடுச்சா?”

தலைவர் சட்டையப் பாத்தாரு, சனத்தப் பாத்தாரு. “ஓடுச்சு.”

அப்புறம் கெர்டா அவருக்கும் காபி குடுத்தா. நாத்தத்துக்காக வெளியவே நிக்க வெச்சுத்தான் குடுத்தா. சுவத்து ஓட்டைய இன்னும் அடைக்கல. இப்போ அதுதான் மியூசியத்துக்கு வாசல். தலைவர் வாசல்னு பலகை வெச்சிருக்கா.

“அந்தத் தலைவரு...?”

ஞாயித்துக்கிழமையானா காபிக்கு வந்துருவாரு. அந்த வாசல் வழியா மட்டும் வரமாட்டாரு.

சரி, குசுமூட்டை கொட்டகைக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ. டுப்... டுப்... டுப்... தூங்கு.