மோர் கொஞ்சம் தண்ணிதான்

மருதங்குறிச்சி ராஜா திருமேனிராயருக்குக் கோபமான கோபம். இருக்காதா பின்னே? ஆற்றோரம் கூடும் மாட்டுச் சந்தையைப் போன ஐப்பசியில் வெள்ளம் வாரிக்கொண்டு போனது. அதனால் கரட்டுமேட்டில் பாறையை உடைத்துப் புதுச் சந்தை கட்டிவைத்தார். அங்கே ஒரு கன்றுக்குட்டிகூட ஏறவில்லை. எல்லோரும் பழையபடி ஆற்றோரத்துக்கே போனார்கள். அடுத்த மழையோ வாசலில் நிற்கிறது.

"தண்டோராவுக்கு என்னதான் எழுதிக் கொடுத்தீர்?" என்று அரண்மனைப் புலவர் அம்பலவாணரைக் கேட்டார் ராஜா.

புலவர் தொண்டையைச் செருமினார். "சூரியனும் நாணும் எம் மன்னர் சமைத்த பொன்மயச் சந்தை! பாலும் தேனும் ஆறாய் ஓடும் சந்தை! தேவலோகத்திலும் காணாத சந்தை! இப்படித்தான் எழுதினேன் மகாராஜா. குறை என் எழுத்தில் இல்லை. ஜனங்களுக்குத் திமிர். நாலு பேருக்குச் சவுக்கடி கொடுத்தால் ஓடி வருவார்கள்."

ராஜா தலையாட்டப் போனார். அதற்குள் முந்திக்கொண்டான் பேச்சிமுத்து. ராஜாவுக்கு யோசனை சொல்வது அவன் வேலை, புலவரைச் சீண்டுவது பொழுதுபோக்கு.

"மகாராஜா, இந்தத் தடவை நான் எழுதுறேன். ஜனம் வரலைன்னா அந்தச் சவுக்கடி அத்தனையும் என் முதுகுக்கு."

"எழுதட்டும் மகாராஜா, தாராளமாக எழுதட்டும்!" என்றார் புலவர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பேச்சிமுத்து ஏட்டைத் தொடவே இல்லை. நேரே ஆற்றோரச் சந்தைக்குப் போனான். அங்கே ஒருத்தன், "மகாலட்சுமி மாதிரி பசு! ஒரு குறை சொல்ல முடியாது!" என்று கத்திக்கொண்டிருந்தான். வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், வாலைத் தூக்கிப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார்கள். பக்கத்தில் செல்லாயி என்றொருத்தி, "இது இடது பக்கம் உட்கார்ந்தா உதைக்கும். வலது பக்கம் உட்கார்ந்தா செம்பு நிறையக் கறக்கும்" என்றாள். உடனே துண்டைப் போட்டுக் கையை மூடி விலை பேசி முடித்துவிட்டார்கள். அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டின் குறையை முதலில் சொல்லாதவனிடம் யாரும் கயிற்றை வாங்கமாட்டார்கள்.

"புதுச் சந்தைக்கு ஏன் தாயி போகலை?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"தேன் ஆறா ஓடினா ஈ மொய்க்காதா சாமி? மாடு படுத்தா ஒட்டிக்கிட்டு எந்திரிக்குமா?" என்று சிரித்தாள் செல்லாயி. "அந்த மேடு ஏறினா முட்டி கழண்டுரும். அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாங்களா? இதையே மறைக்கிறவங்க இன்னும் எதை எதை மறைச்சாங்களோ!"

நியாயம்தானே? கசாயத்தைத் தேன் என்று சொல்லி நீட்டினால் நம் வீட்டுப் பிள்ளையே வாயை இறுக்கிக்கொள்கிறது. 'கசக்கும், ஒரே மடக்கு, அப்புறம் வெல்லம்' என்றால்தான் திறக்கிறது.

மறுநாள் தண்டோரா இப்படிப் போனது:

"புதுச் சந்தை மேட்டிலே இருக்கு! ஏறினா மூச்சு வாங்கும்! நிழல் இல்லை, வச்ச வேப்பங்கன்று இடுப்பளவுதான்! மோர்ப்பந்தல் உண்டு, மோர் கொஞ்சம் தண்ணிதான்! ஆனா போன ஐப்பசியிலே மாரக்காவோட சிவப்புப் பசு மிதந்து போனதை எல்லாரும் பார்த்தோம்! மேட்டுக்கு வெள்ளம் ஏறாது!"

ராஜாவின் மீசை துடித்தது. "என் மோரையா தண்ணி என்றான்?"

"சவுக்குக்கு எண்ணெய் போடச் சொல்லட்டுமா?" என்றார் புலவர்.

சந்தை நாள் வந்தது. கரட்டுமேட்டில் தலையும் கொம்புமாக ஒரே நெரிசல்! எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார்கள், திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். ராஜா முக்காடு போட்டுக்கொண்டு மோர்ப்பந்தலில் நின்றார்.

"மூச்சு வாங்கும்னான், வாங்குது. அப்போ வெள்ளம் ஏறாதுன்னதும் நெசமாத்தான் இருக்கும்" என்றான் ஒருத்தன்.

செல்லாயி ஒரு மடக்குக் குடித்தாள். "தண்ணின்னு சொன்னாங்க, அவ்வளவு மோசமில்லையே!" என்று இன்னொரு குவளை கேட்டாள்.

ஐப்பசி வந்தது. பழைய சந்தை முங்கியது. ஒரு கோழிக்குஞ்சுகூட வெள்ளத்தோடு போகவில்லை.

ராஜாவுக்கு இப்போது ஒரு ஆசை. சந்தை வாசலில் தன்னைப் பற்றி ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். "படிக்கிறவன் நம்பணும் பேச்சிமுத்து. நீயே எழுது."

"அப்போ முதல் வரியிலே மகாராஜாவோட குறை ஒண்ணைப் போடணுமே."

"குறையா? எனக்கா?" ராஜா நெஞ்சை நிமிர்த்தினார். "தலைகீழாக நின்று தேடினாலும் என்னிடம் ஒரு குறை கிடைக்காது!"

பேச்சிமுத்து, உளியோடு காத்து நின்ற கல்தச்சனிடம் திரும்பினான். "கிடைச்சிருச்சு ஆசாரி! மகாராஜா இப்போ சொன்னதை அப்படியே வெட்டு."

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், சபையும் சிரித்தது. புலவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"கொடுங்கள் இவனுக்கு! என் தொழுவத்திலேயே உசத்தியான பசுவைக் கன்றோடு கொடுங்கள்!"

பசு வந்தது. பேச்சிமுத்து கயிற்றைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏண்டா, வாங்கிக்கொள்ளேன்!"

"மகாராஜா இன்னும் முதல் வரியைச் சொல்லலையே."

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து அவன் காதோடு சொன்னார்: "விடியும் முன்னே கத்தும். என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் உனக்குக் கொடுக்கிறேன்."

"இப்போ நம்புறேன், உசத்தியான பசுதான்!" என்று கயிற்றை வாங்கிக்கொண்டான் பேச்சிமுத்து.